புல் மடங்காத இடம்

"இதுவும் காப்பாத்தலைங்க, டீச்சர்."

சென்னியப்பன் தோளில் இருந்த பையைப் புல்லின் மேல் இறக்கினார். இறக்கினார் என்பதைவிடப் போட்டார் என்பதே சரி. பைக்குள் கம்பிகள் கலகலத்தன.

அடுப்பருகே குந்தியிருந்த பெண் தலையைத் தூக்கவில்லை. தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"எது?" என்றாள்.

"இந்த டென்ட்தானுங்க. பனிமலை ஏறறவங்க வாங்கறது. துணி ரெண்டு அடுக்கு. புயலடிச்சாலும் அசையாதுன்னு சொன்னாங்க."

"அசைஞ்சுதா?"

"இல்லைங்க."

"ஒழுகுச்சா?"

"சொட்டு இல்லைங்க."

"அப்புறம்?"

சென்னியப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார். மனைவி பூங்கோதை சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். மகள் இளவேணி அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். கண் மட்டும் திறந்தே இருந்தது. எட்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்குக் கீழே அவ்வளவு கறுப்பு இருக்கக் கூடாது.

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ஆளு இந்த டென்ட்டுக்கும் வந்துட்டானுங்க."

கூகைமேடு என்ற அந்த மலைப் புல்வெளியில் அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் அழைத்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில், என்ன பாடம் நடத்தினாள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பெயர் மாதி. சென்னியப்பனுக்குத் தங்கை வயதுதான் இருக்கும்.

குடும்பத்தோடு மலையில் தங்க ஆசைப்படுகிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள். எந்தக் கூடாரம் வாங்கலாம், எங்கே அடிக்கலாம் என்று கேட்பார்கள். அவள் வாயால் பதில் சொல்வது குறைவு.

ஒருவர் கேட்டபோது, ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். தண்ணீர் அவருடைய கூடாரத்துக்குள் நேராகப் போயிற்று. அவர் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்.

இன்னொருவர் கேட்டபோது, அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவுதான். அவரும் பார்த்தார். தலைக்கு நேர் மேலே பட்டுப்போன கிளை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் சோற்றுப் பானையோடு எழுந்து ஓடியது.

சென்னியப்பனுக்கு இந்தப் பாடமெல்லாம் தேவையில்லை. அவர் நூற்பாலையில் பாதுகாப்பு அதிகாரி. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த மின்கம்பி சூடாகும், எந்த வாளியில் மணல் குறைந்திருக்கிறது என்று பார்ப்பதே அவருடைய வேலை. தண்ணீர் ஓடும் வழி, காற்று அடிக்கும் திசை, பட்ட கிளை, எறும்புப் புற்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் முளையைக் கையில் எடுப்பார்.

முதல் தடவை அவர் வந்தபோது மாதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரு யாரு எங்க படுப்பீங்க?"

"அதெல்லாம் டென்ட் வாங்கினப்புறம் பாத்துக்கலாங்க" என்றார் சென்னியப்பன்.

மாதி தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அடுத்த தடவை, முதலில் வாங்கியதைவிடக் கெட்டியான கூடாரத்தோடு வந்தார். அதே கேள்வி.

"இவங்க ரெண்டு பேரும் உள்ள தள்ளிங்க. நான் வாசல்கிட்ட."

"வாசல்கிட்ட படுப்பீங்களா?"

"படுக்கறதுன்னு இல்லைங்க. இருப்பேன்."

அன்றும் தேநீர் கிடைத்தது.

இப்போது மூன்றாவது கூடாரம் புல்லில் கிடந்தது. மாதி எழுந்து, அதைத் தாண்டிக்கொண்டு போய், இளவேணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூங்கலையா?"

"தூக்கம் வரும். அதுக்குள்ள அவங்க வந்துடுவாங்க."

"யாரு?"

"தெரியல. டென்ட்டைச் சுத்தி நடப்பாங்க."

"எப்படி நடப்பாங்க? காட்டு."

இளவேணி எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு விரல்களைக் கல்லின் மேல் நடக்கவிட்டாள். டொக், டொக், டொக். விரல்கள் நின்றன. காற்றில் இல்லாத ஒரு கயிற்றைச் சுண்டினாள்.

"கயித்தை இழுத்துப் பாப்பாங்க. டொய்ங்குன்னு கேக்கும். அப்புறம் முளைய மிதிப்பாங்க. அப்புறம் அடுத்த கயிறு. சுத்திட்டே இருப்பாங்க."

"அப்ப அப்பா எங்க இருப்பாரு?"

"வாசல்ல. டார்ச்ச புடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க."

"வீட்டுல?"

"இப்ப வீட்டுலயும் கேக்குது. ஜன்னலை ஒவ்வொண்ணா தள்ளிப் பாக்கறாங்க."

பூங்கோதை குழந்தையின் தலையைக் கோதிவிட்டாள்.

"மேட்டுப்பாளையத்துல எங்கண்ணன் வீட்டுக்குப் போனா மட்டும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறா, டீச்சர். இன்னிக்கும் இங்க தூங்கலைன்னா நாளைக்கே அங்க கொண்டுபோய் விட்டுடறதுன்னு இருக்கேன். பள்ளிக்கூடத்தையும் அங்கயே மாத்திடலாம். எத்தனை நாளைக்குத்தான் இவ முழிச்சுட்டே இருப்பா?"

சென்னியப்பன் பையின் வாரை இழுத்து இறுக்கினார். வரும் வழியெல்லாம் இதைப் பேசித்தான் முடித்திருந்தார்கள். பேசி முடித்தார்கள் என்றால், அவள் பேசினாள், அவருக்கு முடிந்துபோயிற்று.

"நீங்க வெளிய போய்ப் பாத்தீங்களா?" என்று மாதி அவரைக் கேட்டாள்.

"பாக்காம இருப்பேனுங்களா? சத்தம்னு சொன்ன உடனே போயிருவேன். ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஆனா கயித்தைத் தொட்டா..." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அதிர்ந்துட்டு இருக்குமுங்க. இப்பத்தான் யாரோ விட்டுட்டுப் போன மாதிரி."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேனுங்க. எல்லாக் கயித்தையும் ஒரு தடவை இழுத்துப் பாப்பேன். முளைய மிதிச்சு விடுவேன். ஒரு சுத்து வந்துட்டு உள்ள போயிருவேன்."

பூங்கோதை கணவனைப் பார்த்தாள். மாதி தேநீரை இறக்கி வைக்க எழுந்து போனாள்.

சென்னியப்பன் ஒருவர்தான் யாரையும் பார்க்கவில்லை. அவர் கண் மரக்கிளைகளின் மேல் இருந்தது.

பொழுது இன்னும் சாயவில்லை. ஆனால் பனி வந்துவிட்டது. கூகைமேட்டில் பனி மேலிருந்து இறங்காது. புல்லின் அடியிலிருந்து கிளம்பி, முதலில் காலை மறைக்கும், பிறகு இடுப்பை. எதிரே வருகிறவர் கொஞ்ச நேரம் தலை மட்டுமாக வருவார்.

மாதி புல்வெளியின் நடுவே போய் நின்றாள்.

"வாங்க. படுங்க."

"டென்ட் அடிக்கலையேங்க?"

"இங்க முதல்ல ஆளு படுக்கணும். அப்புறம்தான் டென்ட்."

அந்த மேட்டில் அதுதான் வழக்கம். வெறும் புல்லில் குடும்பம் படுக்கும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கல் வைப்பார்கள். எழுந்த பிறகு மடங்கிய புல்லைப் பார்த்து, அந்த அளவுக்குக் கூடாரம் அடிப்பார்கள். கூடாரத்தை அடித்துவிட்டு ஆளுக்கு இடம் தேடுவதை அங்கே யாரும் செய்வதில்லை.

பூங்கோதை படுத்தாள். இளவேணி படுத்தாள். புல் காதில் குத்தவே, பல நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள்.

சென்னியப்பன் படுத்தார். உடனே எழுந்தார்.

"சரிவு எந்தப் பக்கம்னு பாக்கலை."

"படுங்க."

படுத்தார். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

"காத்து மாறுதுங்க, டீச்சர்."

"கல்யாணத்தன்னிக்கே இப்படித்தானுங்க" என்றாள் பூங்கோதை, வானத்தைப் பார்த்தபடி. "எல்லாரும் தாலியத் தொட்டுக் கும்பிட்டுட்டு இருக்காங்க. இவரு ஐயர்கிட்ட, மண்டபத்துல மணல் வாளி எங்க இருக்குன்னு கேக்கறாரு."

"பந்தல் பூரா ஓலை. கேக்கறதுல என்ன தப்பு?"

"படுங்க" என்றாள் மாதி மூன்றாவது முறையாக.

அவர் படுத்தார். மாதி கல் வைத்துக்கொண்டு வந்தாள். பூங்கோதையின் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. இளவேணிக்கும் அப்படியே. சென்னியப்பனிடம் வந்ததும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை வைத்தாள்.

"எழுந்திருங்க."

எழுந்து திரும்பிப் பார்த்தார்கள்.

புல்லில் பூங்கோதை படுத்த இடம் மடங்கியிருந்தது. தோள் அகலம் தெரிந்தது. பக்கத்தில் சின்னதாக, ஒரு கையை விரித்தபடி, இளவேணி படுத்த இடம்.

அதற்கு அந்தப் பக்கம் புல் நிமிர்ந்து நின்றது.

சென்னியப்பன் குனிந்தார். ஒரு புல்தாள்கூட வளையவில்லை. ஒவ்வொரு புல் நுனியிலும் ஒரு பனித்துளி, உடையாமல், உருண்டையாக.

கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையைத் தொட்டார். காய்ந்திருந்தது. மனைவியின் முதுகைப் பார்த்தார். நனைந்து ஒட்டியிருந்தது. மகளின் கவுனும் அப்படியே.

அவர் சட்டென்று அதே இடத்தில் மறுபடி படுத்தார். முதுகை அழுத்தினார். குதிகாலால் உதைத்தார். எழுந்து பார்த்தார்.

துளிகள் அப்படியே இருந்தன.

"அப்பா..." என்றாள் இளவேணி. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதென்னங்க இது?" சென்னியப்பனின் குரல் மேலே ஏறிவிட்டது. "ஆலை எடைமேடையில ஏறினா முள்ளு எண்பதைத் தாண்டுதுங்க, டீச்சர்!"

"பூட்ஸோடதானே?"

"நான் இப்பப் படுத்தேனுங்களே! நீங்க பாத்தீங்கள்ல?"

"ஆளு இன்னும் வரலை" என்றாள் மாதி.

"எந்த ஆளு?"

பனி மாதியின் இடுப்புவரை வந்திருந்தது.

சென்னியப்பன் பையை இழுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். கம்பிகளை எடுத்துப் பொருத்தினார். ஒன்று பொருந்தவில்லை.

"அது வேண்டாம்" என்றாள் மாதி.

அவள் தன் குடிசையிலிருந்து எடுத்து வந்தது ஒரு பழைய தார்ப்பாய். கூடவே இரண்டு மூங்கில்கள், கொஞ்சம் கயிறு.

"இது டென்ட் இல்லைங்களே."

"இல்லை."

"ரெண்டு பக்கமும் திறந்திருக்கும். கதவே இல்லை!"

"ஆமா."

"அவன் உள்ள வந்துட்டான்னா?"

"வரட்டும்" என்றாள் மாதி.

சென்னியப்பன் பூங்கோதையைப் பார்த்தார். நீயாவது சொல் என்பது போல.

பூங்கோதை அவரைப் பார்க்கவில்லை. உடையாத அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுங்க, டீச்சர்" என்றாள்.

மூவரையும் மறுபடி கல்லுக்கு நடுவே படுக்கச் சொன்னாள் மாதி. அம்மா ஒரு பக்கம், நடுவில் இளவேணி, இந்தப் பக்கம் சென்னியப்பன். அவர்கள் படுத்திருக்கும்போதே தலைக்கு ஒரு மூங்கிலும் காலுக்கு ஒரு மூங்கிலும் நட்டுத் தார்ப்பாயை விரித்தாள். முளை அடித்தாள். கயிற்றைக் கட்டினாள். கடைசி முடிச்சைப் போடும்போது சென்னியப்பனின் விரல்கள் தாமாக அசைந்தன.

"அந்த முடிச்சு உருவிக்குமுங்க."

"பூட்ஸைக் கழட்டுங்க."

"எதுக்குங்க? திடீர்னு எழுந்திருக்கணும்னா..."

"கழட்டுங்க."

இளவேணி பிறந்ததிலிருந்து அவர் வெளியூரில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்ததில்லை. ஆலையில் கொடுத்த கனமான பூட்ஸ். இடது காலில் உள்ளது நடக்கும்போது கீச்சென்று கத்தும். எண்ணெய் விட்டுப் பார்த்தும் சத்தம் போகவில்லை. கயிற்றை அவிழ்த்து இரண்டையும் நீட்டினார். மாதி டார்ச்சுக்கும் கையை நீட்டினாள். அதையும் கொடுத்தார்.

"எது கேட்டாலும் எழுந்திருக்கக் கூடாது."

"குழந்தைக்கு எதாவது ஒண்ணுன்னா?"

"குழந்தை உங்க பக்கத்துல இருக்குது."

பூட்ஸை ஒரு கையில் தொங்கவிட்டபடி அவள் நடந்தாள். முதலில் கால் மறைந்தது. பிறகு முதுகு. கொஞ்ச நேரம் தலை மட்டும் போயிற்று.

பொழுது சாய்ந்தபோது தார்ப்பாய்க்கு அடியில் மூன்று பேரும் படுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. மரமும் இல்லை, மேடும் இல்லை. மாதியின் அடுப்பு மட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது.

சென்னியப்பன் தன் முதுகைக் கவனித்தார். ஈரம் இல்லை. குளிர்கூட இல்லை. புல்லுக்கும் தனக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி இருப்பது போல இருந்தது.

இளவேணியின் கை அவர் கையைத் தேடி வந்தது. பிடித்துக்கொண்டார்.

"கை எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

"எப்படி?"

"பிடிச்சா பிடிச்ச மாதிரியே இருக்காது."

அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இப்ப?"

அவள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

டொக். டொக். டொக்.

தூரத்தில்தான் கேட்டது. ஆனால் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"வந்துட்டாங்க."

கனமான துணிக்குள் இருந்தபோது அவருக்கு இந்தச் சத்தம் ஒரு நாளும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. இப்போது நடுவில் துணியே இல்லை. காலடி கால்மாட்டுப் பக்கமாக வந்தது. ஒரு அடி, கனமாக. அடுத்த அடி வைக்கும்போது,

கீச்.

டீச்சர்தான், என்று நினைத்தார். என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து பயமுறுத்துகிறாள். கோபம் வந்தது. கோபத்தில் கொஞ்சம் தைரியமும் வந்தது. தலையை மட்டும் திருப்பினார்.

பனி ஒரு கணம் விலகியது. அடுப்பின் முன் மாதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், இரண்டு குச்சிகளின் மேல் கவிழ்த்தபடி, அவருடைய பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

பனி மூடிக்கொண்டது.

கீச். டொக். கீச். டொக்.

பூங்கோதை மூச்சை இழுத்துப் பிடிப்பது அவருக்குக் கேட்டது. அப்படியானால் அவளுக்கும் கேட்கிறது.

காலடி தலைமாட்டு மூலைக்குப் போயிற்று. நின்றது.

இப்போது கயிற்றை இழுப்பான், என்று நினைத்தார் சென்னியப்பன்.

டொய்ங்.

தார்ப்பாய் அதிர்ந்தது. ஒரு துளி அவர் நெற்றியில் விழுந்தது.

இப்போது முளையை மிதிப்பான். குதிகாலால். இரண்டு மிதி.

இரண்டு மிதி கேட்டது.

அடுத்த கயிறு. அதிலுள்ள முடிச்சு உருவிக்கொள்ளும். அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்பான்.

நின்றது.

பிறகு சத்தமே இல்லை. இப்போது அண்ணாந்து கிளையைப் பார்க்கிறான், என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று யோசிக்க அவர் விரும்பவில்லை. எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. வெளியே போய் ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. முழங்கை ஊன்றிக்கொண்டது. தோள் தூக்கிக்கொண்டது.

"இருங்க" என்றாள் பூங்கோதை. அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவள் அவரிடம் பேசி அவர் கேட்டதில்லை. ஒருவேளை அவள் பேசியிருக்கலாம், அவர் அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் தோளைக் கீழே வைத்தார்.

காலடி மறுபடி கிளம்பியது. கீச். டொக். இப்போது மெதுவாக. சுற்றிக்கொண்டு வந்து, திறந்திருந்த பக்கத்தில், அவருடைய காலுக்கு நேராக நின்றது.

அங்கே யாரும் இல்லை. வெள்ளையாகப் பனி இருந்தது. பனிக்குள்ளிருந்து மூச்சு கேட்டது.

வெகு தூரம் நடந்து வந்தவன் விடுகிற மூச்சு அது.

இளவேணி அவர் விரலை இழுத்தாள்.

"அப்பா. போய்ப் பாக்கலையா?"

"இல்லை கண்ணு."

"உள்ள வந்துட்டா?"

சென்னியப்பன் மகள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"வரட்டும். பாவம், எவ்வளவு நேரம்தான் நடக்கறது? காலு வலிக்கும்."

வெளியே கயிறு அவிழும் சத்தம் கேட்டது. மெல்லிய, நீளமான கயிறு, துளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளும் சத்தம். ஒரு பூட்ஸ் புல்லில் வைக்கப்பட்டது. பிறகு மற்றொன்று.

அவர் முதுகுக்கு அடியில் புல் மடங்கத் தொடங்கியது.

முதலில் தோளுக்குக் கீழே. பிறகு இடுப்புக்கு. தாள் தாளாக, ஈரத்தோடு. பனித்துளிகள் உடைந்து, சில்லென்று சட்டைக்குள் இறங்கின. குதிகால் மண்ணைத் தொட்டது. தலை கனத்து, நிலத்தில் அமிழ்ந்தது. மகளின் கை அவர் கைக்குள் சூடாக இருந்தது. இவ்வளவு சின்னக் கையா, என்று நினைத்தார்.

இளவேணி பாதித் தூக்கத்தில் அவர் பக்கமாகப் புரண்டாள்.

"வந்துட்டீங்களாப்பா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.